கடையில் மதம் பேசலாமா?

"இங்கு அரசியல் பேசாதீர்" என்ற அட்டையை முடிதிருத்தும் நிலையங்களிலும் தேநீர்க் கடைகளிலும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நமது பலசரக்குக் கடைகளில் "இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற அட்டைதான் அதிகம். "மதம் பேசாதீர்" என்று எவரும் அட்டை மாட்டுவதில்லை. அது எழுதாமலே தெரிந்திருக்க வேண்டிய சங்கதி என்று விட்டுவிடுகிறோம். நான் கடைக்கு வந்த புதிதில் என் தகப்பனார் சொல்லிக் கொடுத்த முதல் பாடமும் அதுதான்: வந்தவரிடம் சாதி கேட்காதே, சாமி கேட்காதே, என்ன சரக்கு வேண்டும் என்று மட்டும் கேள்.

அந்தப் பாடத்தை ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் கடைப்பிடித்தேன். அது பாதி சரி, பாதி சரியில்லை என்பது இப்போதைய என் அபிப்பிராயம். வியாபார அன்பர்கள் பலருக்கு இதில் மாறுபட்ட கருத்து இருக்கலாம். என் அனுபவத்தையும், படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே வைக்கிறேன்.

முதல் பக்கத்து எழுத்து

எனக்கு ஏலம், பட்டை, கிராம்பு அனுப்பும் மொத்த வியாபாரி ஒரு முஸ்லிம் அன்பர். அவருடைய பட்டியல்களின் தலைப்பில் 786 என்ற எண் அச்சாகியிருக்கும். அந்தப் பட்டியல்களை ஆண்டுக்கணக்கில் கம்பியில் குத்தி வைத்தவன் நான். அவர்களுக்கு ராசியான எண் போலும் என்று நினைத்துக்கொண்டு, கேட்காமலே இருந்துவிட்டேன். 1995 வாக்கில் ஒரு மழை நாள். லாரி வரவில்லை. பாய் என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பேச்சுக்குப் பேச்சு கேட்டேன்.

"பாய், இந்த 786 என்ன கணக்கு?"

"கணக்குத்தான் அண்ணாச்சி. கூட்டல் கணக்கு" என்று சிரித்தார்.

அரபியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டாம். அலிஃப் என்றால் 1, பே என்றால் 2, இப்படியே ஆயிரம் வரை. அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய இறைவனின் பெயரால் தொடங்குவதாகச் சொல்லும் அவர்களுடைய தொடக்க வாசகத்தின் எழுத்துகளையெல்லாம் கூட்டினால் 786 வரும். பட்டியல் காகிதம் காலில் மிதிபடும், குப்பைக்குப் போகும், பொட்டலம் மடிக்கவும் ஆகும். அதில் இறைவன் பெயரை எழுத மனம் ஒப்பாதவர்கள் எண்ணாக எழுதினார்கள். அவர்களுக்குள்ளேயே இதை ஏற்காதவர்களும் உண்டு. பின்னாளில் கடைக்கு வந்த பாயின் மகனே, மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, கணினியில் பட்டியல் போடத் தொடங்கியபோது எண்ணை எடுத்துவிட்டார். தகப்பனார் தம் கைக்குறிப்பில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு விஷயம் அதோடு முடியவில்லை. "நீங்க பேரேட்டுல மொதல்ல ஒரு சுழி போடுறீங்களே, அது என்ன?" என்று பாய் கேட்டார். பிள்ளையார் சுழி என்றேன். "அது எனக்கும் தெரியும் அண்ணாச்சி. பிள்ளையாருக்கும் அந்த எழுத்துக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கேன்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நாற்பது வயது தாண்டியவன், நாள் தவறாமல் எழுதுகிறவன், பதில் சொல்ல முடியாமல் விழித்தேன். பிறகு ஒரு தமிழாசிரியரைக் கேட்டேன். அவர் ஒன்றுக்கு மூன்று விளக்கம் சொன்னார். ஓலையும் எழுத்தாணியும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சுழியும் ஒரு கோடும் இழுத்துப் பார்த்த பழக்கம் என்பார்கள். உமையின் பிள்ளை என்பதற்காக உகரம் என்பார்கள். வேறு சிலர் வேறு சொல்வார்கள். தமிழ் எண்களில் இரண்டுக்கும் அதே வடிவம்தான் என்பதையும் அவர் சொல்லித்தான் கவனித்தேன். எது சரி என்று அவராலும் அறுதியிட முடியவில்லை. பாய் கேட்டிராவிட்டால் நான் இதைத் தேடியே போயிருக்க மாட்டேன்.

ஒரு சின்ன சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். படியால் அளக்கும்போது நம்மில் பலர் "ஒன்று" என்று தொடங்குவதில்லை. "லாபம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததை "ரெண்டு" என்போம். நான் பார்த்தவரை இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் அப்படி அளந்திருக்கிறார்கள். சாமியே இல்லை என்கிறவரும் அப்படித்தான் அளந்தார். அவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

கேட்காமல் தெரியாது

மதம் பேசாவிட்டாலும் மதத்தை வைத்துத்தான் நாம் கொள்முதல் செய்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். ரமலானில் பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சிக்குப் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம். கார்த்திகையில் மாலை போடுகிறவர்களுக்கு அவல், பொரி, நெய், தேங்காய். தவக்காலத்தில் கிறிஸ்தவ வீடுகளில் இறைச்சி குறையும், பருப்பு கூடும். ஜைன வாடிக்கையாளர் இருந்தால் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு அவர் பட்டியலில் இராது. மண்ணுக்குள் விளைவதைப் பிடுங்கினால் அதைச் சார்ந்த உயிர்கள் சாகும் என்பது அவர்கள் கொள்கை. சூரியன் மறைந்தபின் சாப்பிடாதவர்களும் அவர்களில் பலர். மாலை ஆறு மணிக்கு மேல் பலகாரப் பொட்டலத்தை நீட்டி "சாப்பிட்டுப் பாருங்க சேட்" என்று வற்புறுத்தினால் அவர் தர்மசங்கடத்தில் நெளிவார்.

ரமலான் ஏன் ஆண்டுதோறும் முன்னால் நகர்கிறது என்பதைக்கூட நம்மில் பலர் கேட்டதில்லை. அவர்கள் கணக்கு முழுக்க முழுக்கப் பிறையை வைத்தது. பன்னிரண்டு பிறை மாதம் சேர்ந்தால் 354 நாள் அல்லது ஒரு நாள் கூடுதல். ஆகவே நம் காலண்டரில் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாள் முந்தி வரும். ஏறக்குறைய 33 ஆண்டில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்று சுற்றிவிடும். இது தெரியாமல் போன ஆண்டுத் தேதியைப் பார்த்து நான் ஒருமுறை பேரீச்சம்பழம் வரவழைத்து, நோன்பு பாதி முடிந்தபின் சரக்கு வந்து, முக்கால் பெட்டி தேங்கிப் போனது. ஈஸ்டர் அப்படி முழுச் சுற்று சுற்றாது. மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஒரு ஞாயிறாக வரும். அதற்கு முந்திய தவக்காலம் தொடங்கும் நாளில் கத்தோலிக்கர்கள் நெற்றியில் சாம்பலால் சிலுவை இட்டுக்கொள்வார்கள். அந்த நாளுக்குத் தமிழில் அவர்கள் வைத்திருக்கும் பெயர் திருநீற்றுப் புதன். இதை ஒரு கத்தோலிக்க அம்மாள் சொன்னபோது, "திருநீறா?" என்று என்னை அறியாமல் இரண்டு முறை கேட்டேன். "ஏன், உங்களுக்கு மட்டும்தான் திருநீறா அண்ணாச்சி?" என்றார் அவர்.

தரங்கம்பாடியில் கேட்ட கேள்விகள்

கேட்டுத் தெரிந்துகொள்வதன் பலனும், அதில் உள்ள சங்கடமும் 300 ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரையிலேயே எழுத்தில் பதிவாகியிருக்கின்றன. இடம், வியாபாரத்துக்காகவே வளர்ந்த தரங்கம்பாடி. 1616இல் தொடங்கிய டென்மார்க்குக்காரர்களின் கிழக்கிந்தியக் கம்பெனி, 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்துகொண்டு அங்கே கோட்டை கட்டியது. மிளகும் துணியும் போய்க்கொண்டிருந்த ஊர். கோயிலும் பள்ளிவாசலும் கத்தோலிக்க ஆலயமும் புராட்டஸ்டண்டு ஆலயமும் ஒரே ஊருக்குள் இருந்தன.

1706 ஜூலை 9ஆம் தேதி அங்கே சீகன்பால்க் என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்து இறங்கினார். வயது இருபத்து நான்கு முடிய ஒரு நாள் பாக்கி. டென்மார்க் அரசர் அனுப்பிவைத்தவர். வந்த வேலை மதம் மாற்றுவது. அதை அவர் மறைத்ததும் இல்லை, கடைசி வரை விட்டதும் இல்லை. வரும்போது, இங்குள்ளவர்கள் கல்வியும் ஒழுக்கமும் அறியாதவர்கள் என்ற எண்ணத்தோடுதான் வந்தார். அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது.

இறங்கியபின் அவர் செய்த காரியம் கவனிக்கத் தக்கது. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைப் பிடித்து, சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் என்பவர் துணை நின்றார். பல பாஷை பேசத் தெரிந்த, வியாபாரத்திலே பழகிய ஆள் அவர். ஓலைச்சுவடிகளை விலைக்கும் இரவலுக்கும் வாங்கிச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று 1708இல் ஒரு பட்டியலே எழுதிவிட்டார். அதே ஆண்டில் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தாம் முதலில் எண்ணியது தவறு, இந்த மக்களிடம் நூலும் நெறியும் இருக்கின்றன என்று தம் நாட்டாருக்கே எழுதினார். அந்த வயதில் வெளியூருக்கு வந்த ஒருவர், தம்மை அனுப்பியவர்களுக்கு "நாம் நினைத்தது தப்பு" என்று எழுதுவது லேசான காரியம் அல்ல.

இதைவிட முக்கியமானது 1712 முதல் 1714 வரை நடந்த கடிதப் போக்குவரத்து. சீகன்பால்க்கும் அவருடைய தோழர் கிரண்ட்லரும் உள்ளூர்க்காரர்களுக்குக் கேள்விகள் அனுப்பினார்கள். பதில்கள் தமிழில் வந்தன. அவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து ஊருக்கு அனுப்ப, அங்கே ஹாலே நகரில் அச்சானது. மொத்தம் 99 கடிதங்கள். அவற்றில் பெரும்பகுதியை அழகப்பனே எழுதியிருக்க வேண்டும் என்று ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள்.

எங்கள் மார்க்கத்தை நீங்கள் ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்பதும் கேள்விகளில் ஒன்று. பதிலில் வேதாந்த விசாரம் மட்டும் வரவில்லை. உங்கள் ஆட்கள் பசுவைக் கொன்று தின்கிறார்கள், குடிக்கிறார்கள், மலஜலம் கழித்தபின் சரியாகக் கழுவுவதில்லை, வீட்டுக்குள்ளேயே துப்புகிறார்கள், இப்படிப்பட்டவர்களின் மார்க்கத்தை எங்கள் மக்கள் எப்படி மதிப்பார்கள் என்று எழுதிவிட்டார்கள். கோட்டையும் பீரங்கியும் வைத்திருக்கும் கம்பெனி ஊரில் இருந்துகொண்டு எழுதியது இது. கேட்டவர் அதைக் கிழித்துப் போடாமல், மாற்றாமல், ஐரோப்பாவில் அச்சிட அனுப்பினார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இதற்கு ஒரு எதிர்க்கதையும் உண்டு. நம் தெய்வங்களைப் பற்றி இங்குள்ளவர்களிடம் கேட்டுக் கேட்டு சீகன்பால்க் 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். உங்களை அனுப்பியது அங்குள்ள மூடநம்பிக்கையை ஒழிக்க, அதை இங்கே கொண்டுவந்து பரப்ப அல்ல என்பது அவர் வாதம். நூல் 1867 வரை, 150 ஆண்டுக்கு மேல், அச்சேறவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உட்கார்ந்திருந்தவருக்கு, எதிரே உட்கார்ந்து பேசியவருக்குத் தெரிந்தது தெரியவில்லை.

சீகன்பால்க்கைப் புகழ்ந்து பாடுவது என் நோக்கம் அல்ல. தம் சரக்கை விற்க வந்தவர் அவர். பல இடங்களில் அவர் பேச்சு கடுமையானது. 1708இல் கம்பெனி அதிகாரியோடு மோதி நாலு மாதம் சிறையிலும் இருந்தார். 1719இல் முப்பத்தாறு வயதில் காலமானார். 1718இல் அவர் கட்டி முடித்த ஆலயம் தரங்கம்பாடியில் இன்றும் நிற்கிறது. அழகப்பனோ அவர் போன்றவர்களோ அந்தக் கடிதங்களில் தங்கள் நெறியை விட்டுக்கொடுத்ததும் இல்லை. யாரும் யாரையும் ஜெயிக்காமல் மூன்று ஆண்டு பேச்சு நடந்திருக்கிறது.

சாமி இல்லை என்கிறவர்

மதம் வேறானவரோடு பேசுவது ஒரு மாதிரி. மதமே வேண்டாம் என்கிறவரோடு பேசுவது வேறு மாதிரி. நம் தொழிலிலிருந்து போனவர் ஒருவரே இதற்குப் பெரிய உதாரணம். ஈரோட்டில் வெங்கட்ட நாயக்கர் கூலி வேலையில் தொடங்கி, சிறிய மளிகைக் கடை வைத்து, பெரிய மண்டி முதலாளியாக உயர்ந்தவர். வைணவ பக்தர். வீட்டில் பாகவதர்களுக்கும் சாதுக்களுக்கும் ஓயாத சாப்பாடு. பள்ளிப் படிப்பில் பிடிப்பில்லாத மகனைப் பன்னிரண்டு வயதளவில் மண்டியில் உட்கார வைத்தார். மூட்டைக்கு விலாசம் எழுதுவதும் சரக்கை ஏலம் கூறுவதும் போக மிச்ச நேரத்தில், வந்து போகிற புராணிகர்களிடம் குறுக்குக் கேள்வி கேட்பதே அந்தப் பையனுக்குப் பொழுதுபோக்கு. அவர்தான் பின்னாளில் பெரியார் ஈ.வெ.ரா. தந்தையார் கடைசியில் மண்டியின் பெயரையே மகன் பெயருக்கு மாற்றிவிட்டார்.

அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவம் சொல்லப்படுகிறது. எல்லாம் விதிப்படிதான் என்று வாதாடிய கடைக்காரர் ஒருவரின் கடை முன்தட்டிக்கு முட்டுக் கொடுத்திருந்த கழியை இளைஞர் ராமசாமி தட்டிவிட்டாராம். தட்டி கடைக்காரர் மேல் விழுந்தது. விதிதான் விழச் செய்தது என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாராம். படிக்கச் சிரிப்பாக இருக்கும். கடைக்காரன் என்ற முறையில் எனக்கு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. வாதத்தில் ஜெயிக்கலாம், தட்டியை யார் மறுபடி கட்டுவது?

ஆனால் அதே மனிதர் சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டித் தலைவராக இருந்து நிர்வாகம் செய்தவர். குன்றக்குடி மடத்துக்குப் போனபோது அடிகளார் திருநீறு பூச, மறுக்காமல் நெற்றியைக் காட்டியவர். ராமாயணத்தைக் கடுமையாகச் சாடியவருக்கும், அதே ராமாயணத்தைச் சக்கரவர்த்தித் திருமகன் என்று எழுதிய ராஜாஜிக்கும், நகராட்சித் தலைவர்களாக இருந்த காலம் முதல் நட்பு. மேடையில் ஒருவரை ஒருவர் விட்டு வைக்கவில்லை. 1972 டிசம்பர் 25இல் ராஜாஜி மறைந்தபோது, தொண்ணூற்று மூன்று வயதில் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து அழுதார் பெரியார். கொள்கை எதிலும் இருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை.

என் கடைக்கு ஒரு கருப்புச் சட்டைக்காரர் வாடிக்கை. ஓய்வு பெற்ற ஆசிரியர். முன்னே சொன்ன, "லாபம்" என்று அளந்தவர் இவர்தான். வேலைக்குப் போகுமுன் சில வருஷம் ஒரு தானியக் கடையில் இருந்தாராம். ஓர் ஆயுத பூஜையன்று சாமான் வாங்க வந்தார். எல்லோருக்கும் பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தேன். இவருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று கை தயங்கியது.

"பொரி நெல்லுல இருந்துதானே வந்தது அண்ணாச்சி, கொடுங்க" என்று அவரே கை நீட்டினார்.

அந்தத் தைரியத்தில், நெடுநாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன். "சார், சாமி இல்லேன்னு சொல்றீங்களே, பயமா இல்லையா?"

அவர் பதிலுக்குக் கேட்டார்: "உங்க தாத்தாவைக் கோயிலுக்குள்ள விட்டாங்களா அண்ணாச்சி?"

என் சமூகத்துப் பழைய வழக்கை அவர்தான் எனக்கு முழுதாகச் சொன்னார். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போய் வழிபட்டார்கள் என்று வழக்கு. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பானது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் 1939 ஜூலை 8ஆம் தேதி வைத்தியநாத ஐயர் அழைத்துப் போனவர்களில் ஐந்து பேர் அன்று அரிசனங்கள் என்று அழைக்கப்பட்டவர்கள், ஒருவர் நாடார். "எங்க தாத்தா ரோட்டுல நின்னு கோபுரத்தைக் கும்பிட்டவரு. எங்கப்பா கும்பிடுறதையே விட்டுட்டாரு. நான் கேள்வி கேக்க ஆரம்பிச்சேன். உங்க வீட்டுல உள்ளே விட்டதும் போயிட்டீங்க. அதுல தப்பு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எனக்குப் பயமான்னு கேட்டீங்களே, அதுக்குச் சொன்னேன்."

இரண்டு நாள் அது என் மனதை அரித்தது. வழக்கம்போல் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். இன்றும் போகிறேன். கோபுர வாசல் தாண்டும்போது மட்டும் கால் ஒரு கணம் நிற்கும். சாமி இல்லை என்கிறவர்களுக்குத் திமிர் என்று அதுவரை லேசாக எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் போய்விட்டது. என்னை மாற்ற வேண்டும் என்ற முயற்சி எதையும் அவர் செய்யவில்லை.

பேசாமல் இருந்த இரண்டு மாதம்

இனி, பேச்சு நின்றுபோன கதை. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் இறந்தார்கள். அவர்களுடைய கடைகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. 1998 பிப்ரவரி 14ஆம் தேதி வெடித்த தொடர் குண்டுகளில் 58 பேர் மாண்டார்கள். எங்கள் ஊர் கோவையிலிருந்து வெகு தொலைவு. ஆனாலும் கடைத்தெருவில் காற்று மாறியது.

பாய்க்கும் எனக்கும் இடையே வியாபாரம் நிற்கவில்லை. தொலைபேசியில் விலை கேட்பேன், சொல்வார், அனுப்பச் சொல்வேன், வைத்துவிடுவோம். சரக்கு சரியாக வந்தது, தவணை சரியாகப் போனது. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஏப்ரல் மாதம் வசூலுக்கு வந்தவர் டீ வேண்டாம் என்றார். பணத்தை எண்ணி வாங்கிப் பையில் வைத்தபின் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு மாசமா கேக்கணும்னு நெனச்சுக் கேக்காம இருக்கேன். என்கிட்ட சரக்கு எடுக்கறதுல உங்களுக்குச் சங்கடம் ஏதும் இருக்கா?"

"என்ன பாய் இப்படிக் கேக்கீங்க? நீங்கதான் போன்ல ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேங்கீங்க."

"நீங்க என்ன நெனச்சுக்கிட்டு இருக்கீங்களோன்னு பேசல."

நான் நினைத்ததை மறைக்காமல் சொன்னேன். குண்டு வெடித்த வாரத்தில், "உங்க ஆளுங்க ஏன் பாய் இப்படிச் செய்யுறாங்க?" என்று அவரைக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது உண்மை. அவர் தலையாட்டிவிட்டு, "நவம்பர்ல எனக்கும் அப்படித்தான் இருந்தது. உங்ககிட்ட அதே கேள்வியைக் கேக்கணும்னு" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவருடைய தங்கை மகன் கோவையில் துணிக்கடை வைத்திருந்தாராம். அந்த நவம்பரில் கடை போய்விட்டது. சரக்கு, பேரேடு எல்லாம் சாம்பல்.

ஐந்து மாதமாக எனக்கு அது தெரியாது. வாரம் ஒருமுறை அவரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறேன், ஏலக்காய் விலை கேட்டிருக்கிறேன். துக்கம் விசாரிக்கக்கூட இல்லை. வியாபாரத்தில் எனக்கு வந்த நஷ்டங்களை வரிசையாகச் சொல்வேன், அவை ஆறிவிட்டன. இது ஆறவில்லை.

அவர் எங்கோ குண்டு வைத்தவனுக்காகவும், நான் எங்கோ கடையைக் கொளுத்தியவனுக்காகவும் பதில் சொல்ல வேண்டும் என்று இருவருமே எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் நேரில் பார்க்காத, பற்று வரவு வைக்காத ஆட்கள் அவர்கள். என் தகப்பனார் சொன்ன பாடத்தில் சரியான பாதி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். "உங்க ஆளுங்க" என்று தொடங்கும் கேள்வியை எவரிடமும் கேட்கக் கூடாது. "உங்க வீட்டுல எல்லோரும் சௌக்கியமா" என்ற கேள்வியை நவம்பரிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

கடைக்கு என்று சில பழக்கங்கள்

இதற்குப் பிறகு நான் சில பழக்கங்கள் வைத்துக்கொண்டேன். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. கூட்டமாக ஆட்கள் நிற்கும்போது இந்தப் பேச்சை எடுப்பதில்லை. நாலு பேர் கேட்கிறார்கள் என்றால் நல்ல மனிதரும் சபைக்குப் பேசத் தொடங்கிவிடுவார். கடன் பாக்கி உள்ளவரிடம் எடுப்பதில்லை. பாக்கிக்காரர் நான் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுவார், அது பேச்சு ஆகாது. கடைப் பையன்களிடமும் அப்படித்தான். முதலாளி கேட்டால் அவன் மறுக்க முடியாது. கல்லாவுக்கு மேலே என் சாமி படம் இருக்கிறது. பையன்களில் கும்பிடாதவனை ஏன் என்று கேட்பதில்லை.

நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வருகிறவர்கள் விஷயம் தனி. கோயில் கொடை, சந்தனக்கூடு, மாதா கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு தொகை ஒதுக்கிப் பகிர்ந்துவிடுகிறேன். கருப்புச் சட்டைக்காரர்களின் படிப்பகத்துக்கும் அதில் பங்கு உண்டு. இதில் என் பங்காளிகள் சிலருக்கு இன்றும் மனத்தாங்கல்தான்.

அவரவர் எடைக்கல்லை வைத்து அடுத்தவர் சரக்கை நிறுக்கப் போனால்தான் சண்டை வருகிறது என்பது பாய் அடிக்கடி சொல்வது. அவரும் ஆசிரியரும் என் கடை பெஞ்சில்தான் பழக்கமானார்கள். ஆசிரியர் ஒருநாள் 786ஐப் பற்றிக் கேட்டு, எழுத்துக்கு எண் கொடுத்துக் கூட்டினால் எந்தப் பெயரையும் ஏதாவது ஓர் எண்ணில் அடக்கிவிடலாமே என்று கிளப்பினார். "என் மகனும் இதையேதான் சொல்றான். வேற காரணத்துக்காகச் சொல்றான்" என்று பாய் பதில் சொன்னார். தம் பெயரையே அரபிக் கணக்கில் கூட்டிக் காட்டச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார் ஆசிரியர். பாய் பேனாவை எடுத்துப் பாதி எழுதியிருப்பார், பருப்பு லாரி வந்துவிட்டது. நான் இறக்கப் போய்விட்டேன். கூட்டல் என்ன ஆனது என்று இருவரும் சொல்லவில்லை.